ஜான் ஸ்டூவர்ட் மில்லும் கூட்டுறவும்

நம் சங்கங்களின் துணைவிதிகளைப் படிக்கும் அங்கத்தினர் சிலர், இக்கருத்துக்கள் எங்கிருந்து வந்தன என்று வினவுவதுண்டு. ராச்டேல் முன்னோடிகளின் பெயரைப் பலரும் அறிவர். அவர்தம் முயற்சிக்குப் பொருளியல் சாத்திரத்தில் இடமளித்த ஜான் ஸ்டூவர்ட் மில்லை அறிந்தோர் சிலரே. ஆடம் ஸ்மித், ரிக்கார்டோ ஆகியோர் வகுத்த பழைய பொருளியல் மரபில் கடைசியாகத் தோன்றிய பேரறிஞருள் அவர் ஒருவர். நம் நாட்டோடும் அவருக்கு நெடிய தொடர்பு உண்டு. ஆனால் அது முழுவதும் போற்றத்தக்கதன்று.

மில் 1806ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் மில், இந்தியாவைக் காணாமலே அதன் சரித்திரத்தை எழுதியவர். மைந்தரும் 1823இல், பதினேழாம் வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் அமர்ந்து, 1858 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினார். இங்குள்ள அதிகாரிகளுக்குச் செல்லும் கடிதங்களை வரைந்த அவர், ஒருமுறையேனும் இந்நாட்டில் கால் வைத்தாரில்லை. சுதந்திரத்தைப் பற்றி 1859இல் புகழ்பெற்ற நூலை வெளியிட்ட அவரே, இந்தியர் தம்மைத் தாமே ஆளும் பக்குவம் அடையவில்லை என்று கருதினார். இக்குறையை மறைத்தல் நேர்மையாகாது.

எனினும், 1848இல் வெளிவந்த அவரது பொருளியல் நூலில் நமக்குப் பயன்படும் உண்மை ஒன்று உண்டு. பொருளை விளைவிப்பது இயற்கை விதிகளுக்குக் கட்டுப்பட்டது. விளைந்த செல்வத்தைப் பங்கிடுவதோ மனிதர் வகுத்த ஏற்பாடு என்றார். மழையும் நிழலும் இன்றி ஏலச்செடி காய்க்காது. அதை நாம் மாற்ற இயலாது. ஆனால், போடிநாயக்கனூர் ஏலத்தில் கிடைக்கும் விலையில் விவசாயிக்கு எவ்வளவு, வியாபாரிக்கு எவ்வளவு, காய் பறித்தவருக்கு எவ்வளவு என்பது தெய்வ கட்டளையன்று. மனிதர் செய்த ஏற்பாட்டை மனிதர் திருத்தலாம்.

திருத்தும் வழியை அந்நூலில் தொழிலாளரின் எதிர்காலம் பற்றிய அத்தியாயத்தில் காட்டினார். அவ்வத்தியாயம் தம் துணைவியார் ஹாரியட் டெய்லரின் சிந்தனையால் விளைந்தது என்று தம் சுயசரிதையில் நன்றியுடன் குறித்துள்ளார். தொழிலாளர் தாமே மூலதனத்துக்கு உரியவராகி, தாமே தேர்ந்தெடுத்த, வேண்டின் நீக்கத்தக்க நிர்வாகிகளின் கீழ் உழைக்கும் சங்கமே சிறந்தது என்பது அவர் முடிவு. 1844இல் நெசவாளரும் பிற தொழிலாளருமாக இருபத்தெட்டுப் பேர், இருபத்தெட்டுப் பவுன் மூலதனத்துடன் ராச்டேலில் திறந்த கடையை, அந்நூலின் பிற்பதிப்பில் எடுத்துக்காட்டினார். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்ற சிறு கடை அது.

அதே ஊரில் ஒரு பாடமும் உண்டு. முன்னோடிகள் 1854இல் தொடங்கிய ஆலைச் சங்கத்தில், உழைப்போருக்கும் லாபத்தில் பங்கு கிடைத்துவந்தது. நாளடைவில், லாபத்தையே கருதிய புதிய பங்குதாரர் பெருகினர். 1862இல் அவர்கள் வாக்களித்து உழைப்பாளியின் பங்கை நீக்கினர். பெயர் கூட்டுறவாகவே நின்றது; அதன் பொருள் மறைந்தது.

இங்கிலாந்தில் விதைத்தது நம் மாகாணத்திலும் முளைத்தது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. ராச்டேல் முறையைத் தழுவித் திருவல்லிக்கேணி கூட்டுறவுப் பண்டகசாலையும் அவ்வாண்டே தோன்றியது. 1912ஆம் ஆண்டுச் சட்டம், கடனல்லாத பிற சங்கங்களுக்கும் வழி திறந்தது. நெசவாளர் சங்கங்கள் எழுந்தது அவ்வழியேதான்.

சிலமலையிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள அன்பர்கள் இதைத் தம் சங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பேரேட்டில் பெயர் மட்டும் உள்ள அங்கத்தினர் எத்தனை பேர்? நாள்தோறும் தறியில் அமர்வோரும், விடியுமுன் போடிமெட்டுக்கு மேலே ஜீப்பேறிக் காய் பறிக்கச் செல்வோரும் சங்கத்துள் வர இயலுகிறதா? லாபப் பங்கீட்டைத் தீர்மானிக்கும் மகாசபையில் அவர்கள் குரல் ஒலிக்கிறதா? கணக்கு சரியாயிருப்பதை நாங்கள் தணிக்கை செய்யலாம். பங்கீடு நியாயமாயிருப்பதை அங்கத்தினரே காக்கவேண்டும். அடுத்த மகாசபைக்கு வாருங்கள். வரவு செலவு அறிக்கையைப் படித்துவிட்டு வாருங்கள்.