பழுப்பு ஈப்பிடிப்பான்கள்: காலும் அலகும் காட்டும் அடையாளம்

மரக்கிளையின் நுனியிலோ கொடியின் வளைவிலோ நிமிர்ந்து அமர்ந்து, பறந்து செல்லும் பூச்சியைக் கண்டதும் சட்டென்று பாய்ந்து அதைக் காற்றிலேயே கவ்விக்கொண்டு, பெரும்பாலும் புறப்பட்ட இடத்துக்கோ அதன் அருகிலோ திரும்பி வந்து அமரும் சிறு பறவைகள் ஈப்பிடிப்பான்கள் எனப்படுகின்றன. ஆயினும் இரை தேடும் முறை ஒன்றாக இருப்பதாலேயே அவை அனைத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை ஆகிவிடுவதில்லை. நீண்ட வாலால் பலரும் அறிந்த அரசவால் ஈப்பிடிப்பான், உயிர்களை உறவுமுறைப்படி பகுக்கும் வகைப்பாட்டியலில் மொனார்க்கிடே என்ற வேறொரு குடும்பத்தில் வைக்கப்பட்டுள்ளது. மஸ்கிகாப்பிடே எனப்படும் உண்மையான ஈப்பிடிப்பான் குடும்பத்தில் நீலமும் செம்மஞ்சளுமாகப் பளிச்சிடும் இனங்களைக் கண்டறிவது எளிது. பார்வையாளரைத் திணறவைப்பவை பழுப்பு நிற இனங்களே.

அவற்றுள் ஒன்றோடொன்று மிகுதியும் குழப்பிக்கொள்ளப்படுபவை ஆசியப் பழுப்பு ஈப்பிடிப்பானும் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானும் ஆகும். முன்னது சைபீரியா, ஜப்பான், இமயமலை ஆகிய பகுதிகளில் கூடுகட்டுகிறது. இந்தியத் தீபகற்பத்தின் மேற்கு மலைகளிலும் சில இடங்களில் இனப்பெருக்கம் செய்கிறது. பின்னது வடகிழக்கு இந்தியாவிலும் சீனாவின் நடு, தென் பகுதிகளிலும் கூடுகட்டிவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வலசை வருகிறது, அதாவது பருவந்தோறும் இடம்பெயர்ந்து வந்து திரும்புகிறது. இரண்டும் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நீளமுள்ளவை. இரண்டுக்கும் பெரிய கரிய விழிகளும், அவற்றைச் சுற்றி வெளிறிய கண்வளையமும் உண்டு.

இவற்றைப் பிரித்தறிய முதலில் நோக்க வேண்டியவை கால்கள்: ஆசியப் பழுப்பு ஈப்பிடிப்பானின் கால்கள் கருமையாகவும், பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானின் கால்கள் வெளிறிய ஊன்நிறத்திலும் இருக்கும். அடுத்து நோக்க வேண்டியது கீழ் அலகு. முன்னதில் அடிப்பகுதி மட்டும் வெளிறி நுனி கருத்திருக்க, பின்னதில் கீழ் அலகு முழுவதும் வெளிறிய மஞ்சளாகத் தோன்றும். மேலுடலின் நிறம் முன்னதில் சாம்பல் கலந்த பழுப்பாகவும், பின்னதில் செம்மை தோய்ந்த பழுப்பாகவும் இருப்பதோடு, பின்னதன் சிறகு இறகுகளின் ஓரங்களிலும் அச்செம்மை படர்ந்திருக்கும். அதன் வெண்ணிறத் தொண்டைக்குக் கீழே மார்பில் பழுப்புப் பூச்சு தெளிவாகத் தெரியும். அடர்நிழலில் வெளிறிய கால்களும் கருத்துத் தெரியக்கூடும். அமர்ந்திருக்கும் பறவையின் வயிற்று இறகுகள் கால்களை மூடிவிடுவதும் உண்டு. ஆகவே ஒரே குறியை மட்டும் நம்பி முடிவெடுக்காமல் காலையும் அலகையும் சேர்த்துப் பார்ப்பதே முறை.

உடற்குறிகள் தெளிவாகத் தெரியாதபோது வாழிடம் துணைசெய்கிறது. ஆசியப் பழுப்பு ஈப்பிடிப்பான் திறந்த காடுகளிலும் தோப்புகளிலும் தோட்டங்களிலும் வெளிப்படையான கிளைகளில் அமர்ந்து, அமர்ந்தவுடன் வாலைச் சிலிர்ப்பதுபோல் நடுக்கும். பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான் ஈரம் நிறைந்த பசுமைக்காடுகளில், ஓடைகளை ஒட்டிய அடர்ந்த கீழ்மட்டச் செடிகளுக்கிடையே தாழ்வாக அமர்ந்திருப்பதாலும், அதிகாலையிலும் அந்தி மங்கும் வேளையிலும் மிகுதியாக இரை தேடுவதாலும், பலர் கண்ணில் படாமலேயே போய்விடுகிறது.

இப்பறவையை அறிவியல் உலகம் அறிந்ததில் இலங்கையின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பங்கு உண்டு. அங்கே பணியாற்றிய எட்கர் லேயார்டு என்னும் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளரிடம் இதன் மாதிரியைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவருடைய பணியாளரான முத்து என்பவர். 1854-ஆம் ஆண்டு இவ்வினத்தை விவரித்த லேயார்டு, முத்துவின் பொறுமையையும் பறவை தேடும் திறனையும் போற்றி அதற்கு அவர் பெயரையே சூட்டினார். மஸ்கிகாப்பா முத்தூயி என்னும் அறிவியல் பெயர் இன்றும் வழங்குகிறது. பெயரறியாத எத்தனையோ உள்ளூர்ப் பறவையறிஞர்களின் உழைப்பால் வளர்ந்த துறையில், அவர்களுள் ஒருவருக்கேனும் இவ்வாறு கிடைத்த அங்கீகாரம் மதித்துப் போற்றத்தக்கது.

இப்பறவைகளைப் பார்க்க விரும்புவோர் அக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில், 8 மடங்கு பெரிதாக்கும் இருநோக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஓடைக்கரைக் காட்டின் ஓரிடத்தில் அசையாமல் அமர்ந்திருப்பது நடந்து தேடுவதைவிடப் பயன் தரும். பறவை பூச்சியைப் பிடித்தபின் பெரும்பாலும் பழைய கிளைக்கே திரும்புவதால், அந்தக் கிளையின்மீது பார்வையை நிறுத்திக் காத்திருந்தால் காலையும் அலகையும் மீண்டும் காணும் வாய்ப்பு அமையும். ஒலிப்பதிவை இசைத்துப் பறவையை அழைப்பதும் செடிகளை ஒடித்துப் பார்வைக்கு வழிசெய்வதும் கூடாது. கால்நிறமும் அலகும் தெரியாமல் போனால், ஊகித்து ஓர் இனப்பெயரை எழுதாமல் ‘இனம் உறுதியாகாத பழுப்பு ஈப்பிடிப்பான்’ என்றே குறித்து வையுங்கள். வலசைப் பறவைகளின் வருகையைக் கணிக்க முயல்வோருக்குத் தவறான பெயரைவிட நேர்மையான அரைகுறைக் குறிப்பே உதவும்.