மானக்கொலையின் வேர்

குலமானங் காத்தற்பொருட்டு மகளையோ உடன்பிறந்தாளையோ கொல்லுங் கொடுமையைச் சமயத்தின் விளைவெனக் கூறுவாருளர். வரலாற்றை ஆராயுமிடத்து அக்கூற்றுப் பொருந்தாமை புலனாகும். கிறித்தவமும் இசுலாமுந் தோன்றுமுன்னரே, கி. மு. 18ஆம் ஆண்டளவில், உரோமப் பேரரசன் ஒகஸ்தசு இயற்றிய சட்டம், தன் இல்லத்திற் பிறனொருவனோடு கூடியிருக்கக் கண்ட மகளை அவனோடு ஒருங்கே கொல்லத் தந்தைக்கு உரிமை வழங்கிற்று. இத்தாலியின் 1930ஆம் ஆண்டுத் தண்டச் சட்டக்கோவையோ மானத்தின்பொருட்டுச் சினந்து கொன்றவனுக்கு 3 முதல் 7 ஆண்டுச் சிறையே விதித்தது. மறுபுறம், மகளிர்மீது பழி சுமத்துவோர் நான்கு சாட்சிகளைக் கொணர்தல் வேண்டுமெனக் குர்ஆன் கூறும். ஐயத்தின்மேற் கொல்லும் வழக்கு அதற்கு மாறானதே.

எனின், இதன் வேர் யாது? நிலவுரிமையும் மணவுறவுங் குலத்தின் நற்பெயரைச் சார்ந்து நின்ற சமுதாயங்களிற் பெண்ணின் ஒழுக்கம் ஆடவரின் உடைமையாகவே கொள்ளப்பட்டது. ஆங்கு, இறைவனுக்கு அஞ்சியன்று, ஊரார் பழிமொழிக்கு அஞ்சியே தந்தையின் கை ஓங்கிற்று.

1965ஆம் ஆண்டிற் சிசிலித் தீவிலே கடத்திக் கெடுக்கப்பட்ட பிராங்கா வியோலா என்னும் இளம்பெண், கெடுத்தவனையே மணந்து மானங்காக்கும் வழக்கினை ஏற்க மறுத்தார். தந்தையும் அவர் பக்கமே நின்றார். 1981இல் அம்மணவிதியும் மானக்கொலைச் சலுகையும் ஒருங்கே நீக்கப்பட்டன. இத்தாலியர் தஞ்சமயத்தைத் துறந்திலர், வழக்கத்தையே துறந்தனர். மக்கள் வகுத்த வழக்கம் மக்களால் மாற்றற்பாலதே.