கட்டளைச் சாளரத்தில் தமிழ்க் குறியேற்றச் சிக்கல்கள்

கட்டளைச் சாளரத்தில் தமிழ்க் குறியேற்றச் சிக்கல்கள் என்பவை, பைத்தான் போன்ற நிரல்மொழிகளின் ஷெல்லில் தமிழ் உரையைப் படிக்கும்போதோ அச்சிடும்போதோ எழுத்துகள் வெற்றுக் கட்டங்களாகவும், கேள்விக்குறிகளாகவும், பொருளற்ற குறிகளாகவும் தோன்றுவதைக் குறிக்கும். இவை பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் காரணங்கள் வேறு வேறு. சிலவற்றில் உரை பழுதின்றி இருக்கும். சிலவற்றில் உரை அழிந்தே போயிருக்கும். எது எனத் தெரியும்வரை கோப்பைச் சேமிக்கக் கூடாது என்பது முதல் விதி.

எழுத்தும் எண்ணும்

கணினி எழுத்துகளை எண்களாகவே வைத்துக்கொள்கிறது. ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. உயிரெழுத்து, அகரமேறிய மெய், துணைக்குறி, புள்ளி ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியீடு பெறும். ‘த’ என்பதன் எண் 2980. புள்ளியின் எண் 3021.

இந்த எண்களைக் கோப்பில் எழுதும் முறையே குறியேற்றம். இன்று பெரிதும் வழங்கும் யு.டி.எஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைக் கொள்ளும். ‘த’ என்பது 224, 174, 164 என எழுதப்படும்.

கடலூர் மாவட்டம் விருத்தாசலம் வட்டத்திலுள்ள கருவேப்பிலங்குறிச்சி என்னும் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். தமிழ் படிப்பவருக்கு இதில் 11 எழுத்துகள். ஒருங்குறிக்கு 20 குறியீடுகள். யு.டி.எஃப்-8 கோப்பில் 60 பைட்டுகள். பெயருக்கு 50 பைட்டு மட்டும் ஒதுக்கிய ஒரு நிரல், 17-ஆவது குறியீட்டை நடுவில் வெட்டிவிடும்.

எண்ணைப் பார்த்துக் காரணம் அறிதல்

திரையில் தெரியும் வடிவத்தை நம்பாமல் எண்ணைக் கேட்பதே நம்பகமான சோதனை. பைத்தானில் ‘ஆர்ட்’ என்ற செயற்கூறு ஒரு குறியீட்டின் எண்ணைத் தரும். வரும் விடையைக் கொண்டு காரணத்தைப் பின்வருமாறு பிரித்தறியலாம்.

1. 2944 முதல் 3071 வரை: உரை சரியாக உள்ளது. திரையில் கட்டம் தெரிந்தால் குறை எழுத்துருவிலோ சாளரத்திலோ இருக்கிறது.
2. 224, 174, 175 என்பவை திரும்பத் திரும்ப வருதல்: யு.டி.எஃப்-8 உரை வேறு குறியேற்றமாகப் படிக்கப்பட்டுள்ளது. திரையில் தலையில் கோடிட்ட இலத்தீன் எழுத்தும், வணிகப் பதிவுக் குறியும் மாறி மாறித் தெரியும். மூலக்கோப்பு பெரும்பாலும் பழுதின்றி இருக்கும்.
3. 63: இது கேள்விக்குறியின் எண். தமிழுக்கு இடமில்லாத குறியேற்றத்துக்கு மாற்றியபோது எழுத்து தொலைந்துவிட்டது. அதே கோப்பிலிருந்து அதை மீட்க இயலாது; பழைய படி வேண்டும்.
4. 65533: பைட்டுகள் வெட்டுப்பட்டோ தவறாகவோ இருந்ததால் இடப்பட்ட மாற்றுக்குறி.
5. 128-க்கும் குறைந்த எண்கள்: ஆங்கில எழுத்துகள் பொருளின்றி வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த உரையாக இருக்கலாம். பாமினியில் ‘தமிழ்’ என்பது 106, 107, 112, 111, 59 என அமையும்.

‘தமிழ்’ முழுதும் வந்து புள்ளியில் நிற்கும் பிழை

இந்திய ஆங்கில அமைப்பிலுள்ள விண்டோஸ் கணினிகளில் பழைய இயல்பான குறியேற்றம் விண்டோஸ்-1252. குறியேற்றத்தைக் குறிப்பிடாமல் கோப்பைத் திறந்தால் பைத்தான் பல பதிப்புகளில் இதையே எடுத்துக்கொள்ளும். இதில் 129, 141, 143, 144, 157 ஆகிய எண்களுக்கு எழுத்து இல்லை. ஆனால் யு.டி.எஃப்-8 முறையில் உகரக் குறி 129-இலும், புள்ளி 141-இலும், ‘ஏ’ 143-இலும், ‘ஐ’ 144-இலும் முடிகின்றன.

ஆகவே ‘தமிழ்’ என்ற சொல்லின் முதல் 14 பைட்டுகளும் தவறான குறிகளாகவேனும் படிக்கப்பட்டு, புள்ளியின் கடைசிப் பைட்டில் நிரல் நின்றுவிடும். ‘கருவேப்பிலங்குறிச்சி’ என்பதில் ‘ரு’வின் உகரக் குறியில், 9-ஆவது பைட்டிலேயே நிற்கும். பிழைச்செய்தி இடத்தைப் பூச்சியத்திலிருந்து எண்ணுவதால் அங்கே 8 எனக் காட்டும். புள்ளியும் உகரமும் இல்லாத ‘மரம’ போன்ற துண்டைக் கொண்டு சோதித்தால் பிழையே வராது. குறை மறைந்தே இருக்கும்.

சரிசெய்யும் வழிகள்

* கோப்பைத் திறக்கும் கட்டளையில் குறியேற்றம் யு.டி.எஃப்-8 என எப்போதும் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் இது பொருந்தும்.
* 2016-இல் வந்த பைத்தான் 3.6 முதல் விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் அச்சிடுவது யு.டி.எஃப்-8 வழியே நடக்கிறது. கோப்புகளுக்கு இது பொருந்தாது. 2018-இல் வந்த 3.7 பதிப்பில் யு.டி.எஃப்-8 முறைமையை இயக்கினால் கோப்புகளுக்கும் அதுவே இயல்பாகும்.
* பழைய சாளரத்தில் கட்டங்கள் தெரிந்தால் புதிய விண்டோஸ் டெர்மினலில் அதே நிரலை இயக்கிப் பார்க்கலாம். நிர்மலா, நோட்டோ போன்ற தமிழ் எழுத்துரு கணினியில் இருத்தல் வேண்டும்.
* எக்செலில் தமிழ்ப் பட்டியலைச் சி.எஸ்.வி கோப்பாகச் சேமிக்கும்போது யு.டி.எஃப்-8 என்று குறிக்கப்பட்ட வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண வகையைத் தேர்ந்தால் பெயர்கள் அனைத்தும் கேள்விக்குறிகளாகிவிடும்.
* பாமினி, திஸ்கி, டாப், டாம் முறைகளிலுள்ள பழைய கோப்புகளை முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். டாப், டாம் ஆகியவை 1999-ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டை அடுத்துத் தமிழ்நாட்டில் தரமாக்கப்பட்டவை. 2010-இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. ஓப்பன்-தமிழ் என்னும் பைத்தான் நிரல்தொகுப்பில் இத்தகைய மாற்றிகள் உள்ளன.

ஒன்றுபோல் தெரிந்தும் ஒன்றாகாத பெயர்கள்

குறியேற்றம் சரியான பின்னும் ஒரு சிக்கல் மிஞ்சலாம். விருத்தாசலம் பகுதியில் வழங்கும் கொளஞ்சி என்ற பெயரின் ‘கொ’வை இரு வகையில் எழுதலாம்: ககரத்துடன் 3018 என்ற ஒரே துணைக்குறி, அல்லது 3014, 3006 என்ற இரு குறிகள். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் பட்டியலில் ஒரு வகையிலும், தேடுபவர் மறு வகையிலும் எழுதியிருந்தால், ‘கொளஞ்சி என்று யாரும் இல்லை’ என்றே நிரல் விடை தரும். ஒப்பிடுவதற்குமுன் இரு உரைகளையும் ஒருங்குறியின் என்.எஃப்.சி வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பைத்தானில் இதற்கான வசதி உடன் வருகிறது.