மாற்றுச் சிறுநீரகத்தின் ஆயுள்

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒருவரும் அவருடைய குடும்பத்தாரும் மருத்துவரிடம் கேட்கும் முதற்கேள்வி, புதிய சிறுநீரகம் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதாகவே பெரும்பாலும் இருக்கும். இதற்கு மருத்துவப் புள்ளிவிவரம் இரண்டு விடைகளை வைத்திருக்கிறது: நோயாளி எவ்வளவு காலம் உயிரோடிருக்கிறார் என்பது ஒன்று, பொருத்தப்பட்ட உறுப்பு எவ்வளவு காலம் இயங்குகிறது என்பது மற்றொன்று. இதயத்தைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றே, ஏனெனில் பொருத்திய இதயம் கைவிட்டால் மறுபடியும் ஓர் இதயம் கிடைப்பது அரிது. சிறுநீரகமோ செயலிழந்தாலும் நோயாளி டயாலிசிஸுக்குத் திரும்பி ஆண்டுக்கணக்கில் வாழக்கூடும். மறுபுறம், அது செம்மையாக இயங்கிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பால் ஒருவர் இறந்துபோகவும் கூடும். அந்த இறப்பைச் சிறுநீரகத்தின் தோல்வியாகக் கணக்கிடுவதா, விட்டுவிடுவதா என்பதற்கேற்ப ஒரே மருத்துவமனையின் வெற்றி விழுக்காடு ஏறவும் இறங்கவும் செய்யும் என்பதால், விளம்பரங்களில் வரும் விழுக்காடுகளைப் பார்ப்பவர் அவை எதை, எத்தனை ஆண்டுகளுக்கு அளந்தவை என்று கேட்டறிவது நல்லது.

மாற்றுச் சிகிச்சை ஆயுளைக் கூட்டுகிறதா என்பதை அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிகிச்சை பெற்றவர்களை டயாலிசிஸில் இருக்கும் எல்லோரோடும் ஒப்பிட்டால் விடை தவறிப்போகும், ஏனெனில் இச்சிகிச்சைக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் தொடக்கத்திலேயே மற்றவர்களைவிட இளையவர்களாகவும் இதயநோய் குறைந்தவர்களாகவும் இருப்பவர்கள். இதனை உணர்ந்து, ராபர்ட் வுல்ஃப் என்பவரின் தலைமையில் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1999இல் வெளியான ஆய்வு, இறந்தவரிடமிருந்து சிறுநீரகம் பெற்றவர்களை, அதே காத்திருப்போர் பட்டியலில் இடம்பெற்று இன்னும் சிறுநீரகம் கிடைக்காதவர்களோடு மட்டும் ஒப்பிட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரங்களில் பெற்றவர்களின் இறப்பு அபாயம் காத்திருந்தவர்களுடையதைப்போல் 2.8 மடங்காக இருந்தது; பின்னர் படிப்படியாகக் குறைந்து 106ஆம் நாள் வாக்கில் இரு சாராருக்கும் சமமாகி, நீண்ட காலத்தில் பெற்றவர்களுடைய அபாயம் 68 விழுக்காடு குறைவாக நின்றது. தொடக்க இழப்பையும் பின்வந்த ஆதாயத்தையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு நேராவதற்கு ஏறத்தாழ எட்டு மாதங்கள் பிடித்தன. ஆகவே இச்சிகிச்சை முதலில் அபாயத்தைக் கூட்டிப் பிறகு ஆயுளைத் தருவது என்று கொள்வதே பொருத்தம்.

1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ஜோசப் முர்ரே என்ற அறுவை மருத்துவர் ஒருவரின் சிறுநீரகத்தை அவருடைய உடன்பிறந்த ஒத்த இரட்டையருக்குப் பொருத்தி முதல் நீடித்த வெற்றியைக் கண்டார். ஒத்த இரட்டையரின் உடல்கள் ஒன்றையொன்று அந்நியமாகக் கருதுவதில்லை என்பதால் அங்கே நிராகரிப்பு, அதாவது உடலின் நோயெதிர்ப்பாற்றல் புதிய உறுப்பைப் பகையாகக் கண்டு தாக்குவது, நிகழவில்லை. மற்றவர்களுக்கு அந்த எதிர்ப்பாற்றலை மருந்தால் தணிக்க வேண்டியிருந்தது. 1960களின் அசாதயோப்ரினும் ஸ்டீராய்டும் ஓரளவே உதவின. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து எடுக்கப்பட்டு 1983இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சைக்ளோஸ்போரினும், ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து 1984இல் கண்டறியப்பட்ட டாக்ரோலிமஸும் வந்த பிறகே நிலைமை தலைகீழாக மாறியது. இன்று நல்ல மையங்களில் பொருத்தப்படும் சிறுநீரகங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை ஓராண்டு முடிவில் இயங்கிக்கொண்டிருக்கின்றன.

ஆனால் முதலாண்டில் கண்ட முன்னேற்றம் பத்தாம் ஆண்டுவரை அதே அளவில் தொடரவில்லை. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகங்களில் பாதி ஏறத்தாழ பத்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நின்றுவிடுகின்றன. உயிரோடிருப்பவர் கொடுத்தவை மேலும் சில ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன. திடீரென்று வரும் நிராகரிப்பை மருந்துகள் பெருமளவு அடக்கிவிட்டாலும், கொடையாளரின் திசுவுக்கு எதிராக நோயாளியின் குருதியில் மெல்ல உருவாகும் எதிர்ப்புரதங்கள் ஆண்டுக்கணக்கில் சிறுநீரகத்தை அரித்துக்கொண்டிருப்பதும், நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸே சிறுநீரகத்தின் நுண்குழாய்களைச் சுருக்கி அதற்குக் கேடு செய்வதும் இதற்குக் காரணங்கள். இதயமோ கல்லீரலோ மாற்றிக்கொண்டவர்களிலும் ஒரு பகுதியினர் இதே வகை மருந்தால் பின்னாளில் சிறுநீரகத்தை இழக்கிறார்கள். இம்மருந்துகள் சிலருக்குப் புதிதாக நீரிழிவையும் கொண்டுவருகின்றன. புற்றுநோய் வாய்ப்பும் கூடுகிறது.

நோயெதிர்ப்பாற்றலைத் தணித்து வைத்திருப்பதன் மறுவிலை தொற்றுநோய்கள். முதல் மாதத்தில் பெரும்பாலும் அறுவைப்புண்ணையும் மருத்துவமனையையும் சார்ந்த கிருமிகளும், அடுத்த சில மாதங்களில் உடலுக்குள் உறங்கிக்கிடக்கும் வைரஸ்களும் தலைதூக்குகின்றன. இந்தியாவில் இவற்றோடு காசநோயும் சேர்ந்துகொள்கிறது. இளமையில் தொற்றி நுரையீரலில் அடங்கிக்கிடந்த கிருமி, தடை நீங்கியதும் எழுந்துவிடுகிறது. மேலைநாட்டுப் பாடநூல்களில் சில வரிகளில் முடிந்துவிடும் இச்செய்தி இங்கே அன்றாடச் சிக்கலாகும். காசநோய்க்கு முதன்மை மருந்தான ரிஃபாம்பிசின், கல்லீரலிலுள்ள நொதிகளைத் தூண்டி டாக்ரோலிமஸை விரைவாகச் சிதைக்கச் செய்வதால் குருதியில் அதன் அளவு சரிந்து, காசநோயைக் குணப்படுத்தும் முயற்சியிலேயே சிறுநீரகம் பறிபோகும் நிலை ஏற்படக்கூடும். அதனால் மருத்துவர்கள் டாக்ரோலிமஸைப் பல மடங்கு கூட்டியோ, ரிஃபாம்பிசினை விட்டு வேறு மருந்துக் கூட்டைத் தேர்ந்தோ, குருதி அளவை அடிக்கடி சோதித்துக்கொண்டே சிகிச்சையை நடத்துகிறார்கள். மாற்றுச் சிகிச்சை பெற்றவர், வேறு எந்த மருத்துவரிடம் சென்றாலும் தாம் உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியலைக் காட்ட வேண்டும் என்று வற்புறுத்தப்படுவதும் இதனால்தான். சாதாரண பூஞ்சைத் தொற்றுக்குத் தரப்படும் ஃப்ளூகோனசோல்கூட டாக்ரோலிமஸ் அளவை எதிர்த்திசையில் உயர்த்திவிடும்.

இத்தனைக்கும் மேலாக, உடல் நன்றாக இருக்கும்போதும் மாத்திரையைத் தவறாமல் உட்கொள்வது எளிதன்று. பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் இருப்பவர்களே சிறுநீரகத்தை மிகுதியாக இழக்கிறார்கள் என்பது பல நாட்டுப் பதிவேடுகளில் தெரியவந்துள்ளது. பெற்றோர் கவனித்துவந்த மருந்துப்பொறுப்பு பிள்ளையின் கைக்கு மாறுவதும், குழந்தைகள் மருத்துவரிடமிருந்து பெரியவர்களின் மருத்துவரிடம் மாறுவதும் ஒரே காலத்தில் நிகழ்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இதை இளைஞர்களின் பொறுப்பின்மை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பணமில்லாமல் மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு அந்தப் பழி பொருந்தாது. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம், சிறுநீரகம் செயலிழந்த ஏறத்தாழ எல்லோருக்கும் டயாலிசிஸ் செலவை மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு ஏற்க வழிசெய்தது. டயாலிசிஸுக்குக் கால வரம்பில்லை. ஆனால் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் 65 வயதுக்குட்பட்டவராகவும் வேறு வகையில் மெடிகேருக்கு உரிமையற்றவராகவும் இருந்தால், அவருடைய காப்பீடு நெடுங்காலம் 36 மாதங்களோடு நின்றுபோயிற்று. மாத்திரைக்கு வழியில்லாமல் சிறுநீரகத்தை இழந்தவர் மறுபடியும் டயாலிசிஸுக்கு வந்தால், மாத்திரையைவிடப் பன்மடங்கு கூடிய அந்தச் செலவை அதே காப்பீடு தயங்காமல் ஏற்றுக்கொண்டது. மருத்துவர் சங்கங்களும் நோயாளிகளும் பல ஆண்டுகள் சுட்டிக்காட்டிவந்த இம்முரணைக் களையும் சட்டம் 2020 டிசம்பரில் நிறைவேறி, 2023 ஜனவரியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. வேறு காப்பீடு இல்லாதவர்கள் மாதக் கட்டணம் செலுத்தி அதன் பயனைப் பெறலாம் என்றாலும், அது நிராகரிப்புத் தடுப்பு மருந்துகளுக்கு மட்டுமே பொருந்துமே தவிர, மருத்துவரைப் பார்ப்பதற்கோ குருதிச் சோதனைக்கோ பொருந்தாது.