சவேரியாரின் தாய்

2022-ஆம் ஆண்டு மே மாதம் 15-ஆம் நாள் ஞாயிறன்று, உரோமையில் புனித பேதுரு சதுக்கத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் பத்துப் பேரைப் புனிதர்களாக அறிவித்தார்கள். அவர்களுள் ஒருவர் நம் தேவசகாயம். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அந்த இல்லறத்தாரின் பெயர் அப்பெருவெளியில் ஒலித்தபோது, பாவூர்சத்திரத்திலிருந்து சென்றிருந்த அடியேனும் கூட்டத்தில் ஒருவனாக நின்று கண் கலங்கினேன்.

விழா முடிந்து திருப்பயணிகள் ஊர் திரும்பினர். நான் ஆயரின் அனுமதியோடு மேலும் இரண்டு மாதங்கள் ஐரோப்பாவில் தங்கினேன். நம் மண்ணுக்கு நற்செய்தி கொண்டுவந்தவர்கள் எந்த வாசலிலிருந்து புறப்பட்டார்கள் என்று பார்த்துவிட வேண்டுமென்பது குருமடத்து நாள் முதற்கொண்டே எனக்கிருந்த ஆசை. பேராலயங்களின் அழகையும் ஓவியங்களின் சிறப்பையும் எழுதியவர் பலர். அவற்றை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் சொல்லலாம்: இரவு ஒன்பது மணிக்கும் மங்காத அந்தக் கோடை வெளிச்சத்தில் இரவுச் செபம் சொல்ல எனக்குக் கடைசிவரை மனம் ஒன்றவேயில்லை.

வட இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் சிற்றூர் புனித ஞானப்பிரகாசியார் பிறந்த இடம். 1680-இல் அதே ஊரில் பிறந்தவர்தாம், காமநாயக்கன்பட்டியிலும் ஏலாக்குறிச்சியிலும் உழைத்துத் தேம்பாவணி தந்த வீரமாமுனிவர். நான் விசாரித்த கடைக்காரருக்கு ஞானப்பிரகாசியாரைத் தெரிந்திருந்தது. நம் முனிவரைத் தெரியவில்லை. முதலில் வருத்தமாக இருந்தது. காமநாயக்கன்பட்டிக்காரர்களுக்கு அவரைத் தெரியுமே, அது போதாதா என்று பிறகு தேற்றிக்கொண்டேன்.

லிஸ்பன் நகரம் அருளானந்தரைப் பெற்ற ஊர். சிறுவயதில் அவர் நோயுற்றுச் சாகக் கிடந்தபோது, அவருடைய தாய் சவேரியாருக்கு நேர்ந்துகொண்டு, பிழைத்த மகனுக்கு ஓராண்டு சேசு சபை அங்கியை உடுத்தி வைத்தார். வளர்ந்த மகன் 1673-இல் இந்தியாவுக்குக் கப்பலேற முனைந்தபோது, அதே தாய் அதைத் தடுக்கத் திருத்தந்தையின் தூதர் வரை சென்று மன்றாடினார். 1693-இல் ஓரியூரில் மகன் தலை வெட்டுண்ட செய்தி எட்டியபோது அவர் துக்க உடை அணியாமல் திருவிழா உடை உடுத்தி அரண்மனைக்குச் சென்றார் என்பார்கள். இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் நாம் பீடத்தில் நின்று சொல்கிறோம். தூதரிடம் அழுததைச் சொல்வதில்லை.

இனிச் சவேரியார் ஊருக்குச் செல்லுமுன், புறப்படுவதற்கு முன்னர் நம் பங்கில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். (அந்தத் தாயின் இசைவு பெற்றே எழுதுகிறேன்.) கணவரை இழந்து, பீடி சுற்றிக் குடும்பம் நடத்துபவர் அவர். கல்லூரியில் படித்துவந்த ஒரே மகன் குருமடத்தில் சேர விரும்பினான். தாய் இசையவில்லை. நான் அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பல ஊர்களில் பிரசங்கித்த கதையைச் சொன்னேன். 1540-இல் உரோமையிலிருந்து லிஸ்பனுக்குப் போகும் வழியில், பெற்ற தாயின் வீடு அருகிலேயே இருந்தும், சவேரியார் எட்டிப் பாராமல் கடந்து போனார் என்னும் கதை அது. "அந்தத் தாய் தாங்கிக்கொள்ளவில்லையா? நீங்கள் இப்படித் தயங்கலாமா?" என்றும் கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை. பீடித்தட்டில் விரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

ஸ்பெயின் நாட்டின் நவாராப் பகுதியில், பாம்பலோனா நகரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சவேரியார் பிறந்த கோட்டை. குற்றாலத்தில் சாரல் விழுகிறதென்று ஊரிலிருந்து தொலைபேசியில் சொன்ன நாளில், நான் அங்கே சுட்டெரிக்கும் வெயிலில் பிடரியைத் துடைத்துக்கொண்டு படியேறினேன். உள்ளே சிற்றாலயத்தில் அக்ரூட் மரத்தில் செதுக்கிய பாடுபட்ட சுரூபம். உயிர் விட்ட முகத்தில் புன்முறுவல். அதன் முன் முழந்தாளிட்டுச் செபித்தபின், சுற்றிக் காட்டிய முதிய சேசு சபைக் குருவிடம், "தாயைப் பாராமல் அவர் போன பாதை எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"எந்தத் தாயை?" என்றார் அவர். "மரியா அம்மாள் 1529-லேயே இறந்துவிட்டாரே! இவர் கடந்து போனது பதினோராண்டு கழித்து அல்லவா?"

நான் முற்றத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவர் நிதானமாக விளக்கினார். 1512-இல் நவாரா பகைவர் வசமாயிற்று. 1515-இல் கணவர் இறந்தார். அடுத்த ஆண்டே காஸ்தில் அரசின் ஆணைப்படி கோட்டையின் அரண்கள் இடிக்கப்பட்டன. மூத்த பிள்ளைகள் போர்க்களத்தில். கடைக்குட்டி பிரான்சிஸ் 1525-இல், பத்தொன்பது வயதில், பாரிசுக்குப் படிக்கப் போனார். மறைபரப்ப அன்று, பட்டம் பெற்று, நல்ல பதவி பெற்று, விழுந்த குடும்பத்தை நிமிர்த்த. நம் தாய்மார் சங்கிலியை அடகு வைத்து மகனைப் பொறியியல் கல்லூரிக்கு அனுப்புவதைப் போலத்தான். நான்கே ஆண்டில் தாய் கண்ணை மூடினார். இஞ்ஞாசியாரோடு சேர்ந்து மகன் வார்த்தைப்பாடு கொடுத்தது 1534-இல். நம் முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542-இல். தாம் பெற்றது ஒரு புனிதரை என்று அந்த அம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை. போன பிள்ளை திரும்பி வரவில்லை என்பதுதான் அவர் அறிந்தது.

ஊர் திரும்பிய மறுநாள் மாலை அதே திண்ணைக்குப் போனேன். "அம்மா, உங்களுக்கு நான் சொன்ன கதை தவறு, நடக்காத ஒன்றைச் சொல்லி உங்கள் வாயை அடைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்" என்று சொல்லி, கேட்டுவந்ததை முழுவதும் சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "அந்தம்மா சாவும்போது பக்கத்துல யாரு சாமி இருந்தா?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் கோட்டையில் கேட்டிருக்கவில்லை.

மகன் பட்டப் படிப்பை முடித்துவிட்டு இப்போது தென்காசியில் வேலை பார்க்கிறான். ஞாயிறு திருப்பலிக்கு இருவரும் வருகிறார்கள். குருமட ஆசை இன்னும் இருக்கிறது என்கிறான். தாயிடம் நான் மறுபடியும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவரே ஒருநாள் பேசுவாராயின், கேட்பதற்கு இருக்கிறேன்.