கடுவன் பூனையின் பருவக் குணங்களும் வளர்ப்போரின் கடமையும்

நேற்றுவரை மடியில் சுருண்டு கிடந்த பூனை, ஒருநாள் திடீரெனச் சுவரிலும் கதிரைக் காலிலும் சிறுநீரைப் பீய்ச்சத் தொடங்குகின்றது. இரவிரவாகக் கூரையில் நின்று கத்துகின்றது. இரண்டு மூன்று நாட்கள் காணாமற்போய், காது கிழிந்து நொண்டியபடி திரும்பி வருகின்றது. போர்வையையோ தலையணையையோ, சிலவேளை வீட்டிலுள்ள மற்றப் பூனையையோ பிடரியிற் கௌவிப் பிடித்துப் புணர முயல்கின்றது. கடுவன் பூனை வளர்ப்போருக்கு இது புதிய விடயமன்று. பொறுமையிழந்த வீட்டார் அதனைச் சாக்கிற் கட்டிச் சந்தையடியிலோ ஆளில்லாத தெருவோரத்திலோ விட்டுவிட்டு வருவதும் எமது சமூகத்துக்குப் புதியதன்று. உரிய நேரத்தில் செய்யப்படும் சிறியதொரு சத்திரசிகிச்சையினால் தவிர்க்கக்கூடிய இந்த அவலம், அறியாமையினாலேயே தொடர்கின்றது.

பூனையின் இந்த நடத்தையைக் கெட்ட குணம் என்றோ, வீட்டாரைப் பழிவாங்கும் செயல் என்றோ கருதுவது தவறாகும். கடுவன் குட்டியொன்று பிறந்து ஏறத்தாழ ஆறு மாதங்கள் தொடக்கம் பருவமடைகின்றது. அப்போது அதன் விதைகளில் சுரக்கும் தெஸ்தெஸ்தரோன் என்னும் ஓமோனே இந்த மாற்றங்கள் யாவற்றுக்கும் மூலகாரணமாகும். வாலை உயர்த்தி நடுங்கவைத்து, நின்றபடியே நிலைக்குத்தான பரப்பின்மீது பீய்ச்சுவது, பெட்டைப் பூனைகளை அழைப்பதற்கும் ஏனைய கடுவன்களுக்குத் தனது இருப்பை அறிவிப்பதற்குமான அடையாளமிடலாகும். கடுவனின் சிறுநீரில் வீசும் கடும் நெடிக்கு, பெலினைன் என்னும் கந்தகம் கலந்த அமினோ அமிலமே மூலப்பொருள். அது உருவாவதில் சிறுநீரிலுள்ள கோக்சின் என்னும் புரதத்துக்குப் பங்குண்டு என்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர்.

எமது நாட்டின் அமைவிடமும் இப்பிரச்சினையைப் பெரிதாக்குகின்றது. பெட்டைப் பூனையின் சினைப்பருவம் பகற்பொழுதின் நீளத்தைச் சார்ந்தது. குளிர் நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் அது பெரும்பாலும் ஓய்ந்துவிடும். மத்திய கோட்டுக்கு அண்மையிலுள்ள இலங்கையிலோ ஆண்டு முழுவதும் பகற்பொழுது ஏறக்குறைய பன்னிரண்டு மணித்தியாலங்களாகும். எனவே, அயலில் ஏதாவதொரு பெட்டைப் பூனை எந்த மாதத்திலும் சினைப்பருவத்தில் இருக்கக்கூடும். அதன் குரலும் வாசனையும் எட்டும்வரை கடுவனுக்கு நிம்மதியில்லை.

இது தூக்கம் கெடும் பிரச்சினை மாத்திரமன்று. பெட்டையைத் தேடி அலையும் கடுவன்கள் வீதிகளில் வாகனங்களுக்கு இரையாகின்றன. ஒன்றோடொன்று சண்டையிட்டுக் கடிபடும்போது காயங்களில் சீழ்க்கட்டி உண்டாவதுடன், பூனைகளின் நோயெதிர்ப்புச் சக்தியைச் சிதைக்கும் வைரசும் தொற்றுகின்றது. நீர்வெறுப்பு நோயைப் பரப்புவன நாய்களே என்று எண்ணிப் பலர் கவலையற்றிருக்கின்றனர். ஆனால், நோயுற்ற விலங்கிடம் கடிபட்ட பூனையும் அந்நோயை மனிதருக்குக் கடத்தக்கூடும். ஆகவே, பூனைக்கும் தடுப்பூசி அவசியமாகும். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலையை நாடுதல் வேண்டும்.

இத்தொல்லையை நிறுத்துவதற்கு வீடுகளில் கையாளப்படும் வழிகள் பெரும்பாலும் பயனற்றவை. அடிப்பதனால் பூனை பயந்துபோகும். அச்சம் கூடும்போது பீய்ச்சுவதும் கூடும். அறையிற் பூட்டிவைத்தால் அந்த அறையே நாசமாகும். ஒரு பெட்டையைத் துணைக்கு விட்டால் அடங்கிவிடும் என்பதும் வீண் நம்பிக்கையே. ஓமோன் சுரக்கும்வரை வேட்கையும் தொடரும். அத்துடன் ஏறத்தாழ ஒன்பது வாரங்களில் நாலைந்து குட்டிகள் பிறந்து, அவற்றை எங்கே விடுவது என்ற அடுத்த கேள்வியும் வீட்டு வாசலில் வந்து நிற்கும்.

நிலையான தீர்வு, கால்நடை வைத்தியர் ஒருவரைக் கொண்டு விதைகளை அகற்றும் சத்திரசிகிச்சையைச் செய்விப்பதேயாகும். எருதுகளுக்குக் காயடிக்கும் வழக்கம் எமது விவசாயிகள் நன்கறிந்ததே. பூனைக்கு இது மயக்கமருந்து கொடுத்துச் சில நிமிடங்களில் செய்து முடிக்கப்படுகின்றது. பெரும்பாலும் தையல்கூடத் தேவைப்படாது. பருவமடைவதற்கு முன்னர், நான்கு அல்லது ஐந்து மாத வயதில் செய்வது சிறந்தது. வளர்ந்த பூனைக்குச் செய்தாலும் பத்தில் ஒன்பது அளவானவற்றில் பீய்ச்சுதலும் அலைதலும் சண்டையும் வெகுவாகக் குறைகின்றன. எனினும், மறுநாளே மாற்றத்தை எதிர்பார்த்தலாகாது. சில பூனைகள் உடனே அடங்கும். சிலவற்றுக்கு வாரங்களோ மாதங்களோ செல்லும். முதற் சில வாரங்களுக்குக் கருவுறச் செய்யும் ஆற்றலும் எஞ்சியிருக்கக்கூடும் என்பதால் பெட்டைப் பூனைகளிடமிருந்து பிரித்து வைத்தல் நன்று. பின்னர் பசி கூடும். உணவை அளவோடு கொடுக்காவிடில் உடல் பருத்துவிடும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகும். வலி தீரட்டும் என்று இரக்கப்பட்டு, நாம் உட்கொள்ளும் பரசிட்டமோல் குளிசையை ஒருபோதும் பூனைக்குக் கொடுக்கக்கூடாது. பூனையின் ஈரலால் அதனைச் செயலிழக்கச் செய்ய இயலாது. ஒரு குளிசையே உயிரைப் பறித்துவிடும். இதே காரணத்தினால், சிறுநீர்க் கறையைப் பினைல் கொண்டு கழுவுவதும் ஆபத்தானது. அமோனியா கலந்த திரவங்களோ சிறுநீரைப் போன்றே மணந்து, அதே இடத்தில் மீண்டும் பீய்ச்சத் தூண்டும். நொதியம் கலந்த துப்புரவுத் திரவம் கிடைப்பின் அதுவே சிறந்தது; இல்லையேல் சவர்க்கார நீரால் பலமுறை கழுவி வெயிலில் உலர விடலாம்.

சத்திரசிகிச்சை செய்யப்பட்ட பூனைகள் சிலவும் போர்வையையோ மற்றப் பூனையையோ பற்றிப் புணர முயல்வதுண்டு. வீட்டுக்குப் புதிதாக வந்த விலங்கு, இடமாற்றம், விளையாட்டின்மை ஆகியவற்றால் எழும் மனநெருக்கடியின் வெளிப்பாடாக அது இருக்கலாம். அதட்டாமல், கைதட்டியோ விளையாட்டுப் பொருளொன்றை வீசியோ கவனத்தைத் திருப்புவதும், நாள்தோறும் சிறிது நேரம் விளையாட்டுக் காட்டுவதும் பயன்தரும். ஆனால், கடுவனொன்று அடிக்கடி குந்தி முக்கி, சிறுநீர் கழியாமல் அவதிப்பட்டால் அதனைப் பருவக்குணம் என எண்ணி வாளாவிருத்தல் ஆகாது. அது சிறுநீர்வழி அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாட்களிலேயே மரணம் சம்பவிக்கும் என்பதால் அன்றைக்கே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

சமய ரீதியான தயக்கங்களும் சிலரிடத்தில் உண்டு. பூனை வாய்வைத்த நீரை இஸ்லாம் அசுத்தமாகக் கருதுவதில்லை. ஆயினும் அதன் சிறுநீர் அசுத்தமே என்பதால், தொழுகை விரிப்பும் உடைகளும் பாழாவது முஸ்லிம் இல்லங்களில் பெருஞ் சங்கடமாகும். சைவ இல்லங்களில் சுவாமி அறை பற்றிய கவலையும் இத்தகையதே. விலங்குகளுக்குக் காயடித்தல் குறித்து இஸ்லாமியச் சட்ட அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தீங்கைத் தவிர்க்கும் பொருட்டு அதனை அனுமதிப்போர் உளர். ஐயமுள்ளோர் தமது உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம். ஆனால், பூனையைக் கட்டிவைத்து உணவின்றி வதைத்த பெண்ணுக்கு நேர்ந்த கதியை நபிமொழி வாயிலாக அறிந்தோரும், உயிர்களிடத்தில் அன்பே சிவம் என்று கற்றோரும், அதனைச் சாக்கிற் கட்டித் தெருவில் எறிவதற்கு எந்த நியாயமும் கூற முடியாது.

வீட்டில் வளர்ந்த பூனைக்குத் தெருவில் இரைதேடத் தெரியாது. அங்குள்ள கடுவன்களின் எல்லைக்குள் புகுந்து கடிபட்டுச் சாவதே பெரும்பாலும் அதன் முடிவாகின்றது. குட்டியொன்றை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளும் நாளிலேயே, அதன் பருவத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொள்கின்றோம் என்பதை நினைவிற்கொள்வோமாக. நான்கு மாதம் நிறைந்த கடுவன் குட்டி உள்ள வீட்டார், அது பீய்ச்சத் தொடங்கும்வரை காத்திராமல், இந்த வாரமே கால்நடை வைத்தியர் ஒருவரைக் கண்டு நாள் குறித்துக்கொள்வது உசிதமாகும்.