அறுபதில் ஆடும் சக்கரம்

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து ஒட்டப்பிடாரம் வரை ஒழுங்காக வந்த புது பைக், குறுக்குச்சாலையில் நான்குவழிச் சாலை ஏறி அறுபதைத் தொட்டதும் ஹேண்டிலை உதறுகிறது. எண்பதில் உதறல் அடங்குகிறது. வேகம் இறங்கி வரும்போது அதே அறுபதில் மறுபடி தலைகாட்டுகிறது. வண்டியே கோளாறு என்று ஷோரூமில் போய்ச் சண்டை பிடிப்பதற்கு முன், அந்த அதிர்வு எதைப் பின்தொடர்கிறது என்று பார்க்க வேண்டும். சக்கரம், இன்ஜின், பிரேக், சாலை என்று நான்கு பேர்மேல் சந்தேகம். ஸ்பேனரைத் தொடாமலே இவர்களைப் பிரித்துவிடலாம்.

பதினேழு அங்குலச் சக்கரம், டயரோடு சேர்த்து, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர் ஓடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் நொடிக்கு 9 சுற்று. அதே வேகத்தில் டாப் கியரில் சிறிய இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடுவதாக வைத்துக்கொண்டால், நொடிக்கு 80க்கும் மேல். இன்ஜின் அதிர்வு விரல்களை மரத்துப்போகச் செய்யும், கண்ணுக்குத் தெரியாது. நொடிக்கு ஒன்பது என்பது ஹேண்டில் இடமும் வலமும் ஆடுவது கண்ணுக்கே தெரியும் கணக்கு. சந்தேகம் இருந்தால், ஆளில்லாத நேரான சாலையில் அதே வேகத்தில் கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். இன்ஜின் சுற்று இறங்கியும் ஆட்டம் தொடர்ந்தால் இன்ஜின் நிரபராதி. பிரேக் பிடித்தால் மட்டும் உதறினால் டிஸ்க்கில் நெளிவு தேட வேண்டும். சாலையைச் சந்தேகிப்பதற்கும் இந்த வட்டாரத்தில் நியாயம் உண்டு. கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்குவதால் அதன்மேல் போட்ட தார்ச்சாலை அலையலையாகிவிடும். இரண்டு மீட்டருக்கு ஒரு அலை இருந்தால், அறுபதில் நொடிக்கு எட்டு குலுக்கல். சக்கரக் கோளாறு போலவே இருக்கும். நல்ல சாலையிலும் ஆடுகிறதா என்பதுதான் தீர்ப்பு.

சக்கரம்தான் என்று முடிவானால், ஐப்பசி, கார்த்திகையில் முதலில் பார்க்க வேண்டியது ரிம்மின் உட்புறத்தை. உளுந்துக் காட்டுக்கோ மிளகாய்க் காட்டுக்கோ ஒருமுறை போய்வந்த வண்டி என்றால் அங்கே ஒரு பக்கமாகக் கரிசல் காய்ந்து ஒட்டியிருக்கும். இந்த மண்ணிலுள்ள களி, ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு கனமே உள்ள தகடுகளால் ஆனது. தகடுகளின் இடுக்கில் தண்ணீர் புகுந்ததும் மண் உப்பிப் பசையாகி, அலாய் வீலின் குழிவுகளில் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகிவிடும். தண்ணீரை லேசாகப் பீய்ச்சினால் போகாது, ஊறவைத்துச் சுரண்ட வேண்டும்.

ஐம்பது கிராம் மண் என்ன செய்துவிடும் என்று தோன்றும். அச்சிலிருந்து 22 சென்டிமீட்டர் தள்ளி ஒட்டிய அந்தக் கட்டி, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோ எடைக்குச் சற்றுக் குறைவான விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கிறது. அறுபதில் அது கிட்டத்தட்ட மூன்றரைக் கிலோ. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு! நொடிக்கு ஒன்பது முறை திசை மாறி மாறி அந்த இழுப்பு ஃபோர்க்கில் விழுகிறது.

அப்படியானால் எண்பதில் இன்னும் மோசமாக ஆட வேண்டாமா? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான். முன்சக்கரமும் ஃபோர்க்கும் ஹேண்டிலும் சேர்ந்த தொகுதிக்கு, இடவலமாக ஆடுவதில் தனக்கென்று ஒரு தாளம் இருக்கிறது. வண்டிக்கு வண்டி மாறினாலும் பொதுவாக நொடிக்கு ஆறிலிருந்து பத்துக்குள். பிரிட்டனின் ராபின் ஷார்ப் 1971இல் வெளியிட்ட ஆய்வில், மோட்டார் சைக்கிளின் இயல்பான மூன்று நிலைகுலைவுகளைக் கணக்கிட்டுக் காட்டினார். இந்தத் துடிப்பான ஆட்டம் அவற்றில் ஒன்று. ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னத் தள்ளலே போதும் அல்லவா? அறுபதில் சக்கரச் சுற்று அந்தத் தாளத்தோடு ஒன்றிவிடுகிறது, உதறல் பெருகுகிறது. எண்பதில் சுற்று நொடிக்கு 12ஐ நெருங்கித் தாளம் தப்புவதால் ஹேண்டில் அடங்குகிறது. விசை மட்டும் உள்ளே கூடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆகவே ‘வேகமாகப் போனால் சரியாகிவிடும்’ என்ற யோசனை ஆபத்து.

மண் இல்லாமலும் ஆடினால் டபுள் ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்பின்னாக ஆட்டும்போது ‘டொக்’ என்றால், ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்கான கோன்செட் லூஸ். புது வண்டியில் இது சகஜம். பாகங்கள் முதல் சில நூறு கிலோமீட்டரில் படிந்து இளகும். முதல் சர்வீஸைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும். கோன்செட் இளகிய வண்டியின் பின்னால் உர மூட்டையையும் ஏற்றினால், முன்சக்கரத்தின் பாரம் குறைந்து ஆட்டம் சுலபமாக எழும். ஓட்டத்தில் எழுந்துவிட்டால் முன்பிரேக்கை அழுத்தாமல் மெல்ல வேகத்தைக் குறைக்க வேண்டும்.

அடுத்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலை நிலையாகப் பிடியுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் ரிம் கோணல். ஸ்போக் வீல் என்றால் சைக்கிள் கடைக்காரர்போல் கம்பியை முறுக்கிக் கோட்டம் எடுத்துவிடலாம். ரிம் நேராக இருந்தால் டயரைப் பாருங்கள். ரிம்மை ஒட்டி டயரின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடும். அது ஓரிடத்தில் ரிம்முக்குள் அமுங்கியிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி ஏற்றினால் தீர்ந்துவிடும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற வண்டியில், தரையில் பட்ட இடம் தட்டையாகியும் இருக்கலாம். நைலான் டயரில் அந்தத் தட்டை ஓடிச் சூடானதும் பெரும்பாலும் மறையும்; மறையாவிட்டால் டயரை மாற்ற வேண்டியதுதான். டயர் எவ்வளவு காலம் காத்திருந்தது என்பதை அதன் பக்கவாட்டிலுள்ள நான்கு இலக்க எண் சொல்லும். முதல் இரண்டு தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு.